பிரித்துக் கட்டும் ராட்டினம்: திருவொற்றியூர்ப் பட்டறை கற்றுக்கொடுத்தவை

திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், திருவிழாக்களுக்கும் பொருட்காட்சிகளுக்கும் ராட்டினம் வடிவமைத்துச் செய்து கொடுக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் நான் 22 ஆண்டுகளாகப் பொறியாளராக வேலை செய்து வருகிறேன். பலகையில் வரைபடம் போடுவது தொடங்கி, வெல்டிங் முடிந்து, துத்தநாகப் பூச்சுக்குப் போய்வந்து, லாரியில் ஏறும் வரை ஒவ்வொரு துண்டையும் பார்த்து அனுப்புவது என் பொறுப்பு. நாங்கள் அதிகமாகச் செய்வது 60 அடி உயரமும் 16 பெட்டிகளும் கொண்ட ராட்டினம். இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் இளம் பொறியாளர்கள் பட்டறைக்கு வந்தால் முதலில் கேட்பது, இதுவரை கட்டியதில் எது உயரமானது என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, அவர்கள் கேட்காத இன்னொரு விஷயத்தையும் நான் சொல்வதுண்டு. அதை இங்கே விரிவாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

திருவிழா ராட்டினம் ஒருமுறை கட்டி முடித்து அப்படியே நிற்கும் பொருள் அல்ல. தை மாதம் சென்னைத் தீவுத்திடலில் நிற்பது, சித்திரையில் மதுரைப் பொருட்காட்சிக்குப் போகும். ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடியேறும்போது அங்கே சுற்றத் தொடங்கியிருக்கும். இடையில் பெயர் தெரியாத பல அம்மன் கோயில் திடல்களில் ஐந்து நாள், பத்து நாள் என்று நின்று வந்திருக்கும். கணக்குப் பார்த்தால் ஓர் ஆண்டில் 15 முதல் 20 முறை அது முழுவதுமாகப் பிரிக்கப்பட்டு மறுபடியும் கட்டப்படுகிறது. 10 ஆண்டுகள் ஓடும் ஒரு ராட்டினத்தை எங்கள் பட்டறை ஒரே ஒரு முறைதான் கட்டுகிறது. மீதி 150, 200 முறையும் அதைக் கட்டுபவர்கள், நாங்கள் வரைபடம் போட்டபோது உடன் இல்லாதவர்கள். கடைசி நாள் கூட்டம் கலைந்த பிறகு இரவு 11 மணிக்குப் பிரிக்கத் தொடங்கி, விடிவதற்குள் லாரியில் ஏற்றி, அடுத்த ஊரில் இறக்கி, அன்றிரவே தூக்கி நிறுத்துகிறவர்கள் அவர்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு முதல் 6 ஆண்டுகள் போதவில்லை.

புரியவைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. நாங்கள் செய்து கொடுத்து மூன்றாவது ஆண்டில் ஓடிக்கொண்டிருந்த ராட்டினம் ஒன்று, தென்கடற்கரையில் ஓர் ஊரின் திருவிழாவில் நின்றிருந்தது. பெட்டிக் கதவைத் திறந்து மூடும் வேலையில் இருந்த பையனுக்கு அப்போது 19 வயது இருக்கும். 7ஆம் எண் பெட்டி கீழே வந்து நின்றபோது, அது தொங்கும் எஃகுத் தண்டான பின்னின் மேல் முந்தைய நாள் இல்லாத ஒரு பளபளப்பான வளையத்தை அவன் பார்த்திருக்கிறான். சிவப்புப் பெயின்ட் தேய்ந்து எஃகு தெரியும் அந்த வளையம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. அவன் கையை உயர்த்திச் சுற்றை நிறுத்தச் சொன்னான். ஆட்களை இறக்கிய பிறகு பார்த்தால், அந்தப் பின் 18 மில்லிமீட்டர் வெளியே நகர்ந்திருந்தது. அது மேலும் நகராமல் தடுக்க வேண்டிய கிளிப் அங்கே இல்லை. அதற்குப் பதிலாக, கம்பி கட்டுகிறவர்கள் பயன்படுத்தும் கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டிருந்தார்கள். அது அறுந்து போயிருந்தது. பெட்டியைப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பின்கள் தாங்குகின்றன. ஒன்று முழுவதும் வெளியே வந்துவிட்டால் பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கும். அன்று யாருக்கும் அடிபடவில்லை என்றாலும், அந்த 18 மில்லிமீட்டரை இப்போது எழுதும்போதும் என் கை சற்று நடுங்குகிறது.

இரவுப் பேருந்து பிடித்து மறுநாள் காலை அங்கே போய்ச் சேர்ந்தேன். கோபத்தோடுதான் போனேன். வரைபடத்தில் கிளிப் உண்டு, கொடுத்த பட்டியலில் கிளிப் உண்டு, உதிரியாக 10 கிளிப்புகள் ஒரு டப்பாவில் போட்டும் கொடுத்திருந்தோம். கட்டுக்கம்பி சுற்றியது யார் என்று அந்தக் குழுவின் மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் காசிமேட்டுக்காரர், இளம் வயதில் துறைமுகத்தில் கலாசியாக, கனமான சரக்கைக் கயிறு கட்டித் தூக்கி இறக்குபவராக இருந்தவர், என் அப்பா வயது. குரலை உயர்த்தாமல் அவர் சொன்னார்: "தம்பி, நான் சுத்தலைன்னு சொல்ல மாட்டேன். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு மேல ஏறி, டார்ச்சைக் கழுத்துல இடுக்கிக்கிட்டு, கிரீஸ் கையோட அந்தக் கிளிப்பை நீ ஒரு வாட்டி மாட்டிப் பாரு. கீழ விழுந்தா மணல்ல தேடிப் பாரு. அப்புறம் வந்து என்னைத் திட்டு."

அவர் சொன்னபடியே செய்தேன். அந்தத் திருவிழா முடிந்து அடுத்த ஊருக்குப் போனபோது குழுவோடு லாரியில் ஏறிக்கொண்டேன். பாதுகாப்புப் பட்டையைப் போட்டுக்கொண்டு, இரவு ஒரு மணிக்கு மேல் பெட்டிகளை மாட்டும் வேலையில் நின்றேன். கடற்காற்றில் பெட்டி அசைந்துகொண்டே இருந்தது. இரண்டு துளைகளும் நேருக்கு நேர் வரும் ஒரு கணத்தில் பின்னைத் தள்ள வேண்டும். தள்ளிய கையை எடுக்காமல், மற்றொரு கையால் இடுப்புப் பையிலிருந்து 4 மில்லிமீட்டர் கம்பியால் ஆன கிளிப்பை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் இருக்கும் துளைக்குள் செருக வேண்டும். முதல் 6 கிளிப்புகளில் 3 என் கையிலிருந்து நழுவி மணலில் விழுந்தன. விடிந்த பிறகு தேடியதில் ஒன்றுதான் கிடைத்தது. பகல் வெளிச்சத்தில், சிமென்ட் தரையில், பெட்டியை ஸ்டாண்டில் நிறுத்திவைத்து நான் 10 நொடியில் மாட்டிக் காட்டிய அதே கிளிப் அது. குற்றம் மேஸ்திரியின் கையில் இல்லை, என் பலகையில்தான் இருக்கிறது என்று அன்று காலை அவரிடமே சொன்னேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

அதன் பிறகு நாங்கள் செய்த மாற்றங்கள் சிறியவை, செலவும் குறைவு. அந்தப் பின் இப்போது ஒரு குட்டைச் சங்கிலியால் ராட்டினத்தின் ஆரக்காலோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. எந்த நேரத்திலும் அது தனியாகக் கழன்று விழாது. கிளிப்பை எடுத்துவிட்டு, பின்னின் தலையிலேயே மடங்கும் கைப்பிடி ஒன்றை வைத்தோம். பின் முழுவதும் உள்ளே போனால்தான் அந்தக் கைப்பிடி தன் பள்ளத்தில் மடங்கி உட்காரும், இல்லாவிட்டால் துருத்திக்கொண்டு நிற்கும், கையுறை போட்ட கையால் இருட்டில் தடவினாலே தெரிந்துவிடும். மூன்றாவது மாற்றம் அந்தப் பையன் கொடுத்தது: துளைக்குள் மறைந்திருக்க வேண்டிய பகுதி முழுவதற்கும் மஞ்சள் பெயின்ட் அடிக்கிறோம். மஞ்சள் கண்ணில் பட்டால் யாரையும் கேட்காமல் சுற்றை நிறுத்தலாம் என்று, பெட்டிக் கதவு மூடுகிறவர் வரை எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். ராட்டினத்துக்கு மிக அருகில், மிக அதிக நேரம் நிற்பவர் அவர்தான். அவருக்கு நிறுத்தும் உரிமை இல்லாத இடத்தில் எங்கள் ராட்டினம் சுற்றக் கூடாது என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதுகிறோம்.

இந்தச் சிக்கல் புதியதல்ல என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெர்ரிஸ் நிறுத்திய முதல் இராட்சத ராட்டினம் 80 மீட்டர் உயரமும், ஒவ்வொன்றிலும் 60 பேர் ஏறக்கூடிய 36 பெட்டிகளும் கொண்டது. அதன் அச்சு மட்டும் ஏறத்தாழ 40 டன். கண்காட்சி முடிந்ததும் அதைப் பிரித்துச் சிகாகோவிலேயே வேறோர் இடத்தில் கட்டினார்கள். பிறகு 1904 கண்காட்சிக்காக செயின்ட் லூயிஸ் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். 1906இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த அளவுள்ள ஒன்றை ஊர் ஊராகக் கொண்டுபோவது யாருக்கும் கட்டுப்படியாகாது. அதே சிகாகோ ராட்டினத்தைப் பார்த்துவிட்டுப் போன சல்லிவன் என்ற பாலம் கட்டும் தொழில்காரர், பிரித்து எடுத்துச் செல்லக்கூடிய 45 அடி ராட்டினம் ஒன்றை 1900இல் இல்லினாய் மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரச் சதுக்கத்தில் ஓட்டிக் காட்டி, அதிலிருந்து ஈலை பிரிட்ஜ் என்ற நிறுவனத்தை வளர்த்தார். ராட்டினம் செய்யும் நிறுவனத்துக்குப் பெயரில் பாலம் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. திருவிழாத் திடல்களில் நிற்கும் ராட்டினங்களின் முன்னோர் என்று நான் நினைப்பது, ஃபெர்ரிஸைவிட அந்தச் சல்லிவனைத்தான்.

நிலையாக நிற்கப்போகும் பெரிய ராட்டினத்திலும் தூக்கி நிறுத்தும் நேரம்தான் கடினமானது. 135 மீட்டர் உயரமுள்ள லண்டன் ஐ என்ற ராட்டினம், தேம்ஸ் நதியின் மேல் தற்காலிக மேடைகளில் படுக்கவைத்து இணைக்கப்பட்டு, பிறகு நிமிர்த்தப்பட்டது. 1999 செப்டம்பரில் நடந்த முதல் முயற்சி, ஒரு கேபிள் நழுவியதால் நிறுத்தப்பட்டு, அடுத்த மாதம்தான் சக்கரம் எழுந்தது. உலகமே பார்த்துக்கொண்டிருக்க நிறுத்திவிட்டு, ஒரு மாதம் எடுத்துச் சரிசெய்த அந்தப் பொறியாளர்களை நான் மதிக்கிறேன். திருவிழாத் திடலில் அந்த ஒரு மாதம் கிடைக்காது. மறுநாள் மாலை 5 மணிக்குச் சீட்டுக் கொடுக்க வேண்டும். ஆகவே, தவறாகச் செய்ய முடியாதபடி துண்டுகளை வடிவமைப்பது ஒன்றே எங்களுக்கு வழி.

போல்ட் விஷயத்தில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். தொடக்கத்தில் எங்கள் கோபுரக் கால்களிலும், சக்கரத்தின் நடுக் குடமான ஹப்பிலும் ஐந்து அளவு போல்ட்டுகள் இருந்தன. ஒவ்வோர் இடத்திலும் கணக்குக்குச் சரியான அளவைப் போட்டிருந்தேன். ஊர் ஊராகச் சுற்றும்போது இரண்டு தொலையும், உள்ளூர் ஹார்டுவேர் கடையில் அதே தடிமனில் வாங்கிப் போடுவார்கள். தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டும் 4.6 போல்ட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் 8.8 என்பது 640 மெகாபாஸ்கல் இழுவை வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும், 4.6 வெறும் 240தான். இப்போது எல்லா இடத்திலும் ஒரே 20 மில்லிமீட்டர் 8.8 போல்ட் மட்டும். சில இடங்களில் அது தேவைக்கு மீறியதுதான். இருந்தாலும் ஒரே ஸ்பேனர், ஒரே டப்பா, ஒரே உதிரி; சென்னைப் பாரிமுனையின் செம்புதாஸ் தெருவில் மொத்தமாக வாங்கி, தேவையைவிட நான்கில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்தனுப்புகிறோம். முறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டுக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு ஒன்று போட வேண்டும். காலையில் கோடு உடைந்திருந்தால் நட் திரும்பியிருக்கிறது என்று பொருள்.

கடலோரத்தில் பட்டறை வைத்திருப்பதால் துரு எங்களுக்கு வீட்டுப் பிரச்சினை. திறந்த வெளியில் போட்ட, பூச்சில்லாத கறுப்புப் பைப் திருவொற்றியூரில் ஒரு வாரத்தில் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். பெயின்ட்டை நம்பாமல், உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் பூச்சுக்கு அனுப்புகிறோம். இதில் புதியவர்கள் தவறவிடும் ஒன்று உண்டு. இரு முனையும் மூடிய பைப்பை 450 டிகிரி துத்தநாகத்தில் முக்கினால் உள்ளே இருக்கும் ஈரமும் காற்றும் விரிந்து பைப் வெடிக்கும். தொட்டிக்கு அருகில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு பைப்பிலும் காற்று வெளியேறவும் துத்தநாகம் வடியவும் துளைகள் வேண்டும், அவற்றை வெல்டிங்குக்கு முன்பே போட வேண்டும், மழைநீர் தங்காத பக்கத்தில் போட வேண்டும். பூச்சுத் தொட்டியின் நீளத்தை முதலில் கேட்டுக்கொண்டு, அதற்குள் அடங்கும்படியும் லாரித் தளத்தில் கிடக்கும்படியும் துண்டின் நீளத்தை முடிவு செய்யுங்கள். அழகான வரைபடம் ஒன்று இந்த இரண்டு அளவுக்காக மூன்று முறை திருத்தப்பட்டது எனக்கு நினைவிருக்கிறது.

வெல்டிங்கைப் பொறுத்தவரை, விரிசல் தொடங்கும் இடம் பெரும்பாலும் வெல்டின் ஓரம்தான். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் இழுவையும் அழுத்தமும் மாறி மாறி வருகின்றன. மெல்போர்ன் நகரத்தின் 120 மீட்டர் ராட்டினம் 2008 டிசம்பரில் திறந்து சுமார் 40 நாளில் விரிசல்களால் மூடப்பட்டு, 2013 இறுதியில்தான் மறுபடி திறந்தது. பெரிய இடங்களுக்கே அப்படி என்னும்போது, நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறை மழைக்காலத்தில் ராட்டினத்தைப் பட்டறைக்குத் திரும்ப வரவழைத்து, விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டிக்கொடுக்கும் சாய மருந்து பூசி ஒவ்வொரு வெல்டையும் பார்ப்பது அதிகப்படியான வேலை இல்லை.

காற்றைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. ஐரோப்பியத் தர ஆவணங்கள் கேளிக்கை ராட்டினங்கள் ஆட்களோடு ஓடும்போது எடுத்துக்கொள்ளும் காற்றின் வேகம் நொடிக்கு 15 மீட்டர். நம் இந்தியத் தர ஆவணம் சென்னைக்குக் கட்டட வடிவமைப்புக்காகச் சொல்லும் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர். வேகம் மூன்று மடங்குக்குச் சற்று அதிகம் என்று தோன்றும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் விசை 11 மடங்கு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது, முந்தைய நாளே பெட்டிகளையெல்லாம் கழற்றி இறக்கிவைத்திருந்த ஒரு ராட்டினம் வெறும் கூடாக நின்று தப்பியது. பெட்டியும் தகர அலங்காரமும்தான் காற்றைப் பிடிப்பவை. கழற்றுவதா வேண்டாமா என்ற முடிவை வானத்தைப் பார்த்து எடுக்கவிடாமல், காற்றளவி ஒன்றையும் அதில் சிவப்புக் கோடு ஒன்றையும் மேஸ்திரியிடம் கொடுத்துவிடுங்கள். முதலாளி தொலைபேசியில் வற்புறுத்தும்போது அவர் அந்தக் கோட்டைக் காட்டிப் பேச முடியும்.

ஆட்களை ஏற்றும் வரிசையும் வடிவமைப்பின் ஒரு பகுதிதான். ஒரு பெட்டியில் 4 பேர் என்றால் சுமார் 250 கிலோ. ஆரம் 8 மீட்டர். ஒரு பெட்டி பக்கவாட்டில் நிற்கும்போது அச்சைத் திருப்பும் விசை ஏறக்குறைய 20,000 நியூட்டன் மீட்டர். கூட்ட நெரிசலில் 1, 2, 3 என்று வரிசையாக 8 பெட்டிகளை நிரப்பினால், சமனில்லாத சுமை ஒரு பெட்டியைப் போல 5 மடங்குக்கு மேல் போய்விடும். பிரேக்கும் மோட்டாரும் அந்த ஒரு லட்சம் நியூட்டன் மீட்டரை எதிர்த்து நிற்க வேண்டும். 1, 5, 9, 13 என்று கால் சுற்றுக்கு ஒன்றாக ஏற்றி, பிறகு அடுத்த நான்கை அதே முறையில் ஏற்றினால், எந்தக் கட்டத்திலும் சமனின்மை ஒன்றரைப் பெட்டியைத் தாண்டாது. இறக்கும்போதும் இதே வரிசைதான். பலர் ஏற்றுவதில் காட்டும் கவனத்தை இறக்குவதில் காட்டுவதில்லை. நான்கு நான்காகச் சேரும் பெட்டிகளுக்கு ஒரே நிறம் அடித்து அனுப்புகிறோம். எண்ணைப் படிக்கத் தேவையில்லாமல் நிறத்தைப் பார்த்தே ஏற்றிவிடலாம். பிரேக்கை, இந்த வரிசையை யாரும் பின்பற்ற மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகிறோம்.

தொழில் நடத்துவது பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வடசென்னைப் பட்டறைகளில் இரும்பு வேலைக்குக் கிலோ கணக்கில் கூலி பேசுவதே வழக்கம். ராட்டினத்துக்கு அந்தப் பேச்சு ஒத்துவராது. கனம் கூடினால் எங்களுக்குப் பணம் கூடும், வாங்குகிறவருக்கும் கனமாக இருந்தால் பலம் என்ற நம்பிக்கை. ஆனால் அந்தக் கனத்தை இரவில் தோளில் சுமக்கிறவர்கள் இந்தப் பேச்சில் இல்லை. நான்கு பேர் தூக்க முடியாத துண்டு எதுவாக இருந்தாலும் அதைப் போட்டு இழுப்பார்கள், முனை வளையும், வளைந்த முனையைச் சுத்தியலால் அடித்துப் பொருத்துவார்கள். ஆகவே மொத்த விலையாக மட்டுமே பேசுகிறோம். கையால் தூக்கும் துண்டு எதுவும் 80 கிலோவைத் தாண்டுவதில்லை. தாண்டினால் அதில் கிரேன் கொக்கிக்கான வளையம் இருக்கும்.

இப்போது ராட்டினத்தை ஒப்படைக்கும் முறையையும் மாற்றிவிட்டோம். வாங்குகிறவர் தன் குழுவை இரண்டு நாள் எங்கள் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். முதல் நாள் பகலில் நாங்கள் உடன் நின்று கட்டுகிறோம், பிரிக்கிறோம். இரண்டாம் நாள் இரவு 10 மணிக்கு முற்றத்து விளக்குகளை அணைத்துவிட்டு, அவர்களுடைய டார்ச் வெளிச்சத்தில், அவர்களுடைய ஸ்பேனர்களை வைத்து அவர்களாகவே கட்டுகிறார்கள். நாங்கள் பேசுவதில்லை, எங்கே கை தயங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொள்கிறோம். போன மாதம் ஒரு குழு கட்டியபோது, கோபுரக் காலின் இடது வலது துண்டுகளை ஒருவர் இரண்டு முறை மாற்றி எடுத்துவந்தார். மறுநாள் காலை, இடது துண்டில் மட்டும் விரலால் தடவினால் உணரக்கூடிய ஒரு குமிழை வெல்டு வைத்து அனுப்பினோம். காசிமேட்டு மேஸ்திரிக்கு வயதாகிவிட்டது, மேலே ஏறுவதில்லை. அந்த இரவுகளில் அவர் முற்றத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். குழு வேலையை முடித்ததும் எழுந்து வந்து, 32 பின்களின் கைப்பிடிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார். 16 பெட்டிகளும் ஒவ்வொன்றாகக் கீழே வந்து நிற்கும்வரை சக்கரத்தை மெல்லச் சுற்றச் சொல்கிறார்.